செட் மாத்திரையில் என்ன இருக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முட்டிவலி வந்தால் பக்கத்து மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வலியும் நின்றுவிடுகிறது. தொடரலாமா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: கூடாது. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து மூன்று நான்கு மாத்திரைகளைக் காகிதக் கவரில் போட்டுத் தரும்போது, மருந்தின் பெயர் கடையிலேயே தங்கிவிடுகிறது. பெரும்பாலும் அதில் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் இருக்கும். துணைக்கு ஒரு கேஸ் மாத்திரை. சில கடைகளில் ஸ்டீராய்டும் சேரும். அன்றைக்கே வலி ‘பறந்து’போனால் எனக்கு முதலில் வருவது அந்தச் சந்தேகம்தான். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. முழு அட்டையை வாங்கினால் அதில் சிவப்புக் கோடு தெரியும்.

வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடலின் ரசாயனம்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவும் உதவுகிறது. இந்த மாத்திரைகள் அதன் உற்பத்தியைக் குறைப்பதால் வலி குறையும், கூடவே இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் பாதிப்பு. சாப்பிட்டபின் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது பாதிதான் சரி. ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையைப் புண்ணாக்கும்.

அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர் ‘சார்டன்’ அல்லது ‘பிரில்’ என்று முடிகிறதா? பிராண்டு பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று இருக்கிறதா? ‘எச்’ இருந்தால் பெரும்பாலும் சிறுநீரை வெளியேற்றும் மருந்தும் அதில் சேர்ந்திருக்கும். இந்த இரண்டோடு வலிமாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். பிரஷரும் ஏறும்.

முதலில் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 4 கிராம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. இங்கேயும் ஒரு சிக்கல். காம்பிஃப்ளாமில் டைக்ளோஃபினாக் வகையைச் சேர்ந்த இப்யூபுரோஃபென் 400 மி.கி.யோடு பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, ‘இது வேற மாத்திரைதானே’ என்று டோலோ 650-யும் போட்டால் பாராசிட்டமால் இரண்டு தடவை உள்ளே போகும். டைக்ளோஃபினாக் உள்ள வோவெரானைச் சேர்த்தால் வலிமாத்திரையே இரண்டு.

மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, கால் வீங்கிச் சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: 24 வாரக் கர்ப்பம். இடுப்புவலிக்கு நேற்று காம்பிஃப்ளாம் ஒன்று போட்டுவிட்டேன். டாக்டர் தந்த ஆஸ்பிரினும் வலிமாத்திரைதானாமே, நிறுத்தட்டுமா? – மதுரை வாசகி

பதில்: ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பகாலப் பிரஷர் கோளாறு வராமல் தடுக்க டாக்டர்கள் குறைந்த அளவில், 75 அல்லது 150 மி.கி., தருவது அது.

காம்பிஃப்ளாம் இனி வேண்டாம். ஒரு மாத்திரைக்காகப் பதற வேண்டியதில்லை. அடுத்த செக்கப் வரை காத்திராமல் டாக்டரிடம் போனில் சொல்லிவிடுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். இந்த மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்தால் நீர் குறையும். அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில், 20 வாரத்திலிருந்தே இவற்றைத் தவிர்க்கச் சொன்னது. அதற்கு முன் 30 வாரத்திலிருந்துதான் எச்சரிக்கை இருந்தது. குழந்தையின் இதயத்தருகே பிறந்த பிறகு மூட வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கிவிடும் என்பது அதன் காரணம். 20 வாரத்துக்கு முன்பும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. டைக்ளோஃபினாக் ஜெல்லையும் கேட்காமல் தடவாதீர்கள். தோல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும்.

இடுப்புக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால்.

கேள்வி: முழு அட்டை வாங்க வசதியில்லை. உதிரியாக வாங்குவது தப்பா? – விழுப்புரம் வாசகர்

பதில்: தப்பில்லை. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற பக்கத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். பேட்ச் எண்ணோடு பில்லும் வாங்குங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் இதே மருந்துகள் ஜெனரிக்காக, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல், மலிவாகக் கிடைக்கும். டாக்டர் சீட்டை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள்.