ஒரு குழாய் இரத்தம், இருபது புரதங்கள்: ஆய்வுகூட அக்காவிடம் கேட்டவை

யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூட வேலையில் எனக்கு 22 வருடம். கலங்கள் பெருகுவது, நிற்பது, இறப்பது, அழற்சியைக் கிளப்புவது எல்லாவற்றையும் நடத்துகிற புரதங்களை மனித இரத்தத்திலும் இழையத்திலும் ஒரே தடவையில் பலவாக அளப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததை விடக் கனபேர் கேட்டுவிட்டீர்கள். கேள்விகளைச் சுருக்கி, ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

பருத்தித்துறையிலிருந்து உயர்தர உயிரியல் ஆசிரியர்: ஒரு நோய்க்கு ஒரு புரதம் என்று அளந்தால் போதாதா? ஏன் இருபது, முப்பது என்று போகிறார்கள்?

கலத்துக்குள் எந்தப் புரதமும் தனியே முடிவெடுப்பதில்லை, சேர். கலத்துக்குக் காவல்போல் இருக்கும் பி53 என்ற புரதத்தை எடுங்கள். டி.என்.ஏ. சேதமானால் அதன் அளவு கூடும். அது பி21 ஐ உண்டாக்கும், பி21 கலப்பிரிவை நிறுத்தி வைக்கும். அதே பி53 தான் எம்.டி.எம்.2 என்ற புரதத்தையும் உண்டாக்குகிறது. அந்த எம்.டி.எம்.2 திரும்பி வந்து பி53 ஐயே அழிவுக்கு அனுப்புகிறது. இப்போது ஒருவரின் இழையத்தில் பி53 கூடியிருக்கிறது என்று ஒற்றை இலக்கம் கிடைத்தால் என்ன சொல்வீர்கள்? சேதத்துக்குக் கலம் ஒழுங்காக எதிர்வினை காட்டுகிறதா, இல்லையென்றால் பழுதான பி53 அழியாமல் தேங்கி நிற்கிறதா? பி21, எம்.டி.எம்.2 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வகுப்பில் சொல்ல இன்னொன்று. கலவட்டத்தை நடத்தும் புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக ஹார்ட்வெல், ஹன்ட், நேர்ஸ் மூவருக்கும் 2001 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பார்த்தது மதுவக் கலங்களையும் கடல் முள்ளெலியின் முட்டைகளையும். அதே ஒழுங்குதான் நமக்குள்ளும் ஓடுகிறது.

இரண்டாவது காரணம் இரத்தத்தின் அளவு. ஒரு தடவையில் ஒரு புரதத்தை மட்டும் அளக்கும் வழமையான எலைசா சோதனையில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலீற்றர் போடுவோம், இரட்டையாக 200. நீர்க்காமல் போட்டால் இருபது புரதத்துக்கு 4 மில்லிலீற்றர் பிளாஸ்மா, அதாவது கலங்களை நீக்கிய இரத்த நீர், வேண்டும். அதற்கு 8 மில்லிலீற்றர் அளவில் இரத்தம் எடுக்கவேண்டும். கீமோ ஏற்றி நரம்பெல்லாம் சுருங்கிப்போன ஒருவரிடம் ஒவ்வொரு கிழமையும் அதைக் கேட்க எனக்கு மனம் வராது. சிறு பிளாஸ்ரிக் மணிகளைக் கொண்டு அளக்கும் மணி முறையில் 25 முதல் 50 மைக்ரோலீற்றரில் முழுத் தொகுதியையும் பார்த்துவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து மருத்துவ ஆய்வுகூட மாணவி: அந்த மணி முறை எப்படி வேலை செய்கிறது அக்கா? எல்லாம் ஒரே குழிக்குள் இருந்தால் எது எது என்று எப்படித் தெரியும்?

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு நிறச் சட்டை இருக்குமல்லவா? அதுதான், தங்கச்சி. கண்ணுக்குத் தெரியாத சிறிய பிளாஸ்ரிக் மணிகள், 6 மைக்ரோமீற்றர் அளவில், கிட்டத்தட்ட ஒரு செங்குழியத்தின் பருமன். லூமினெக்ஸ் முறையில் மணிகளுக்குள் இரண்டு சாயங்களை வெவ்வேறு விகிதத்தில் ஊட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் படி என்றால் நூறு வகை மணி கிடைக்கும். மூன்றாவது சாயமும் சேர்த்த கருவிகளில் 500 வரை போகலாம். ஒரு வகை மணியின் மேல் ஒரே ஒரு புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒட்டப்பட்டிருக்கும்.

மாதிரியைச் சேர்த்ததும் புரதம் தன் மணியில் போய் ஒட்டும். அதன் மேல் ஒளிரும் சாயம் கொண்ட இரண்டாவது பிறபொருளெதிரி வந்து அமரும். கருவிக்குள் மணிகள் ஒவ்வொன்றாகப் போகும்போது ஒரு லேசர் மணியின் உள்நிறத்தைப் பார்த்து அது எந்தப் புரதம் என்று சொல்லும். மற்ற லேசர் வெளிச்சாயத்தைப் பார்த்து எவ்வளவு என்று சொல்லும். ஒரு புரதத்துக்குக் குறைந்தது ஐம்பது மணியாவது எண்ணி, அவற்றின் இடைநிலைப் பெறுமானத்தை எடுப்போம். மணி எண்ணிக்கை குறைந்த குழியின் முடிவை நம்பாதே.

அடிப்படை புதிதில்லை. எலைசா 1971 இல் வந்தது. ஒரே மாதிரியான பிறபொருளெதிரியை அளவில்லாமல் செய்யும் வழியைக் கோலரும் மில்ஸ்ரைனும் 1975 இல் காட்டினார்கள். மணி முறை இந்த இரண்டின் தோளில்தான் நிற்கிறது.

அதே மாணவி: நினைத்த புரதம் எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் போடலாமா?

போட முடியாது. சுகமான ஒருவரிடம் அழற்சியைக் கிளப்பும் ஐஎல்-6 என்ற புரதம் ஒரு மில்லிலீற்றரில் சில பிகோகிராம்தான் இருக்கும். சி.ஆர்.பி. என்ற இன்னொரு அழற்சிப் புரதம் அதைப்போல் இலட்சம் மடங்குக்கு மேல். சி.ஆர்.பி.க்காக நீர்த்தால் ஐஎல்-6 காணாமல் போகும். நீர்க்காமல் விட்டால் சி.ஆர்.பி. அளவுகோலைத் தாண்டிவிடும், சில நேரம் அளவுக்கு மிஞ்சிய புரதமே பொய்யாகக் குறைந்த இலக்கத்தைக் காட்டும். அளவு ஒத்த புரதங்களை ஒன்றாகவும் மற்றவற்றை வேறாகவும் வைக்கவேண்டும்.

கோண்டாவிலிலிருந்து ஆராய்ச்சி உதவியாளர்: சீரமா, பிளாஸ்மாவா? எங்களிடம் பழைய சீரம் மாதிரிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் வி.ஈ.ஜி.எப். பார்க்கலாமா?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லவேண்டும், தம்பி. இதில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் விழுந்திருக்கிறேன்.

வி.ஈ.ஜி.எப். புதிய இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் புரதம், புற்றுநோய் ஆய்வில் எல்லோரும் தேடுவது. இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகள் அதை நிறையத் தமக்குள் அடைத்து வைத்திருக்கின்றன. சீரம் எடுக்க இரத்தத்தை உறைய விடுகிறோம், உறையும்போது சிறுதட்டுகள் உடைத்துக் கொட்டுகின்றன. ஆகவே சீரத்தில் நீங்கள் அளக்கும் வி.ஈ.ஜி.எப். இல் பெரும்பகுதி நோயாளியின் உடலில் சுற்றிக்கொண்டிருந்தது கிடையாது, உங்கள் குழாய்க்குள் வெளிவந்தது. பி.டி.ஜி.எப்., ரி.ஜி.எப்.-பீற்றா என்ற வளர்ச்சிப் புரதங்கள் இரண்டுக்கும் இதே கதை.

அப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். கீமோ கொடுத்தால் சிறுதட்டு எண்ணிக்கை விழும். சிறுதட்டு விழுந்தால் சீரத்து வி.ஈ.ஜி.எப். விழும். படத்தில் அழகாக இறங்கும் கோட்டைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று எழுதிவிடுவோம். நாங்கள் ஒருமுறை அப்படித்தான் மூன்று மாதம் மகிழ்ந்திருந்தோம். ஒரு மூத்த வைத்தியர் சிறுதட்டு எண்ணிக்கையைப் பக்கத்து நிரலில் போடச் சொன்ன பிறகுதான் இரண்டு கோடும் ஒன்றாக இறங்குவது தெரிந்தது. அந்தப் பக்கங்களை நான்தான் கிழித்துப் போட்டேன்.

உங்கள் பழைய சீரத்தில் வி.ஈ.ஜி.எப். பார்க்க வேண்டாம். வேறு பல புரதங்களுக்கு அது நல்ல மாதிரிதான். புதிதாகச் சேர்ப்பதென்றால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. குழாயில் எடுத்து, சிறுதட்டுகள் மிஞ்சாதபடி இரண்டு தடவை சுழற்றிப் பிரியுங்கள். செங்குழியங்கள் உடைந்து சிவந்துபோன மாதிரிகளைத் தனியே குறித்து வையுங்கள். முக்கியமாக, ஒரே ஆய்வுக்குள் சீரத்தையும் பிளாஸ்மாவையும் கலக்காதீர்கள்.

நெடுந்தீவிலிருந்து தாதி: எங்கள் ஆட்களின் மாதிரிகள் ஆய்வுகளில் சேருவதே இல்லை. படகில் வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா மிஸ்?

கெட்டுவிடாமல் கொண்டு வரலாம், பிள்ளை. நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம். குறிகட்டுவானுக்குப் படகு ஒரு மணித்தியாலம், அங்கிருந்து யாழ்ப்பாணம் வர இன்னொரு மணித்தியாலம் வையுங்கள். முழு இரத்தமாக இந்த வெயிலில் அவ்வளவு நேரம் வந்தால் சிக்கல்தான். வெண்குழியங்கள் குழாய்க்குள்ளும் உயிரோடுதான் இருக்கின்றன. அவை ஐஎல்-8 போன்ற அழற்சிப் புரதங்களை விட்டுக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்தில் இருப்பவரின் இரத்தம் பத்து நிமிடத்திலும் தீவாரின் இரத்தம் மூன்று மணித்தியாலத்திலும் பிரிக்கப்பட்டால், தீவாருக்கு அழற்சி கூட என்று ஒரு பொய் முடிவு வரும்.

வழி எளிது. இரத்தத்தைத் தீவிலேயே சுழற்றிப் பிரித்துவிடுங்கள். மேசையில் வைக்கும் சிறிய சுழற்றும் கருவி ஒன்று போதும். பிளாஸ்மாவைச் சிறு குழாய்களில் கால் மில்லிலீற்றர் படி பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள். முழு இரத்தத்தை மட்டும் ஒருநாளும் உறைய வைக்காதீர்கள், செங்குழியங்கள் வெடித்து எல்லாம் பாழாகும். எடுத்த நேரம், பிரித்த நேரம், உறைய வைத்த நேரம் மூன்றையும் குழாய்க்குக் குழாய் எழுதுங்கள். நகரத்து மாதிரிகளையும் அதே மூன்று மணித்தியாலம் ஐஸில் வைத்திருந்து உறைய வைக்கச் சொல்லி நீங்கள் ஆய்வாளரிடம் கேட்கலாம். அது உங்கள் உரிமை, ஒப்பீடும் அப்போதுதான் நேர்மையாக இருக்கும்.

உறைநிலைப் பெட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீண்டகாலம் வைக்க மறை 80 பாகை வேண்டும். வீட்டுப் பிரிட்ஜின் மேல்தட்டு வேண்டாம். பனி கட்டாத வகைப் பெட்டிகள் பனியை உருக்கத் தாமாகவே இடைக்கிடை சூடேறும். பல வருடங்களுக்கு முன் ஒரு மாரி இரவில் கரண்ட் போய், மாதிரிகள் உருகி, விடியும்முன் திரும்ப உறைந்துவிட்டன. காலையில் திறந்தபோது எல்லாம் கல்லுப்போல் இருந்தது, நாங்கள் ஒன்றும் அறியவில்லை. இலக்கங்கள் குழம்பியபோதுதான் தெரிந்தது. எண்பது பேர் கை நீட்டித் தந்த இரத்தம் அது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயக் குற்றியை வைத்திருக்கிறேன். நாணயம் அமிழ்ந்திருந்தால் பெட்டி உருகியிருக்கிறது. மறை 80 பெட்டிக்கு இது போதாது, ஏனென்றால் மறை 10 வரை சூடேறினாலும் பனி உருகாது. அங்கே வெப்பநிலையைப் பதியும் கருவி கட்டாயம்.

சாவகச்சேரியிலிருந்து மருத்துவ பீட மாணவர்: பி53 ஐ இரத்தத்திலேயே அளந்துவிடலாமே? இழையம் எடுக்கும் சிரமம் இல்லையே?

பி53 கலக்கருவுக்குள் வேலை செய்வது. சாதாரணமாக இருபது நிமிடமளவில் பாதி அழிந்துவிடும். இரத்தத்தில் கிடைக்கும் சொற்பத்தை வைத்துக் கட்டிக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. கலங்கள் வெளியே சுரக்கும் ஐஎல்-6, வி.ஈ.ஜி.எப். போன்றவற்றுக்கு இரத்தம் சரி. உள்ளே இருந்து நடத்தும் பி53, பி21, கலப்பிரிவோடு சேர்ந்த சைக்கிளின், கே.ஐ.-67 போன்றவற்றுக்கு இழையம்தான்.

மெழுகுக் கட்டியில் வைத்த இழையத்தில், அதைக் கெடாமல் வைக்கச் சேர்த்த போமலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும். அமிலத்தன்மை சீராக்கிய கரைசலில் சூடாக்கி அதைத் திறந்த பிறகே சாயமிட வேண்டும். அங்கேயும் கவனம்: பி53 சாயம் எல்லாக் கருவிலும் அடர்த்தியாக இருந்தாலும் அதன் மரபணு விகாரமாக, அதாவது பழுதாக, இருக்கலாம், அறவே இல்லாமல் இருந்தாலும் விகாரமாக இருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதுதான் பெரும்பாலும் இயல்பு.

பொஸ்பேற்று ஏறி வேலையில் இறங்கிய ஏ.கே.ரி., ஈ.ஆர்.கே. என்ற சமிக்ஞைப் புரதங்களைப் பார்க்க ஆசைப்பட்டால், அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் வாசலிலேயே ஐஸோடு நில்லுங்கள். வெட்டி எடுத்த இழையத்தில் நொதியங்கள் நிமிடங்களுக்குள் பொஸ்பேற்றைக் கழற்றிவிடும்.

மானிப்பாயிலிருந்து: ஒரு மூட்டுவாத நோயாளியிடம் பார்த்த இருபது புரதமும் கூடியிருக்கின்றன. இது சாத்தியமா?

எல்லாம் ஒன்றாகக் கூடினால் முதலில் சோதனையைச் சந்தேகியுங்கள். மூட்டுவாதக் காரணி, அதாவது ஆர்.எப்., இரண்டு பிறபொருளெதிரிகளையும் தானே பாலம்போல் இணைத்து, நடுவில் புரதம் இல்லாமலே ஒளிர வைக்கும். தடுக்கும் கரைசல் சேர்த்து மறுபடி செய்யுங்கள். மாதிரியை இரண்டு, நான்கு மடங்கு நீர்த்தும் பாருங்கள். உண்மையான புரதமென்றால் இலக்கம் அதே விகிதத்தில் இறங்கும்.

கோப்பாயிலிருந்து முதுமாணி மாணவி: இருபது புரதத்தில் மூன்றின் பி-பெறுமானம் (புள்ளிவிபர எல்லை) 0.05 இற்குக் கீழே வந்திருக்கிறது. எழுதிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு கூட்டங்களில் இருபது புரதத்தை அளந்தாலும், சராசரியாக ஒன்று 0.05 இற்குக் கீழே தற்செயலாக வரும். இருபதால் வகுத்து 0.0025 ஐ எல்லையாக வைத்துப் பாருங்கள், எது நிற்கிறது என்று தெரியும்.

அதைவிட முக்கியமாக நான் கேட்பது, எந்தத் தட்டில் யாரைப் போட்டீர்கள்? ஒரு தட்டின் 96 குழியில் நியமங்களுக்கு (அளவு தெரிந்த மாதிரிகளுக்கு) 16, சோதனையைச் சரிபார்க்கும் கட்டுப்பாடுகளுக்கு 4 போனால் மீதி 76, இரட்டையாக 38 பேர். நோயாளிகளை முதல் தட்டிலும் சுகமானவர்களை இரண்டாவதிலும் போட்டிருந்தால், தட்டுக்குத் தட்டு வரும் வித்தியாசம் நோயின் வித்தியாசமாக வேஷம் போடும். அதை எந்தக் கணக்காலும் பிறகு பிரிக்க முடியாது. இருவரையும் குலுக்கிப் போட்டு ஒவ்வொரு தட்டிலும் கலந்து வைக்கவேண்டும்.

அளவுகோலுக்குக் கீழே வந்தவற்றுக்குப் பூச்சியம் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். இருக்கிறது, ஆனால் அளக்க முடியவில்லை என்பது வேறு.

சுன்னாகத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 64 வயது, நாற்பது வருடமாக வெற்றிலை போடுகிறார். ஒரு இடத்தில் பல புற்றுநோய்ப் புரதங்களை ஒரே இரத்தத்தில் பார்க்கும் பொதி ஒன்று இருக்கிறதாம், விலை அதிகம். செய்து பார்க்கட்டா அக்கா? இரண்டு மாதமாகக் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது, நோவில்லை என்கிறார்.

வேண்டாம், தங்கச்சி. அந்தக் காசை வைத்திருங்கள். நோய்க்குறி இல்லாத ஆயிரம் பேரில் இரண்டு பேருக்குத்தான் நோய் இருக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் சோதனைகூட நோயில்லாத நூறு பேரைப் பயமுறுத்தும். பல புரதங்களைச் சேர்த்துப் பார்க்கும் நல்ல சோதனைகள் இருக்கின்றன. 2009 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓவா1 ஐந்து புரதங்களைப் பார்க்கிறது. ஆனால் அது சூலகத்தில் கட்டி இருப்பது ஏற்கெனவே தெரிந்து, சத்திரசிகிச்சைக்குப் போகும் பெண்களுக்கானது. சும்மா தேடிப் பார்க்க அல்ல.

அப்பாவுக்குப் பார்க்கவேண்டிய இடம் வாய். அதற்கு வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமல்ல, சேராததும் வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டிலேயே சொல்லிவிட்டது. நோவில்லை என்பதை ஆறுதலாக எடுக்காதீர்கள், தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. எல்லா வெள்ளைத் திட்டும் புற்றுநோயும் இல்லை. ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் மாறாத திட்டையோ புண்ணையோ வைத்தியர் பார்த்தாக வேண்டும், உங்களுக்கு இரண்டு மாதமாகிவிட்டது. கிட்டவுள்ள அரச வைத்தியசாலையின் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேவையென்றால் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அவர்களே அனுப்புவார்கள். அப்பா மறுத்தால் என்னைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நாளைக்கு விடியவே போங்கோ.