மீட்டரும் கிளாம்பும்: வாசகர் கேள்வி

கேள்வி: எங்கள் பட்டறை பேனல் போர்டில் 200/5 சி.டி. (200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்துத் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மாட்டியிருக்கிறது. கையடக்கப் பவர் மீட்டரின் மூன்று கிளாம்பையும் அந்த சி.டி.யின் செகண்டரி (குறைந்த கரன்ட் வெளிவரும் பக்கம்) ஒயர்களில் போட்டு, ரேஷியோ 40 என்று கொடுத்தேன். மூன்று பேஸிலும் 80 ஆம்பியர் சரியாக வருகிறது. ஆனால் பேனல் மீட்டர் 44 கிலோவாட் காட்டும்போது என் மீட்டரில் 14.7தான். ரேஷியோவை 120 ஆக்கினால் 44 வந்துவிடுகிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து 40க்கே திருப்பி வையுங்கள். 200ஐ 5ஆல் வகுத்தால் 40. அது சி.டி.யின் பெயர்ப்பலகை சொல்லும் கணக்கு, நம் வசதிக்கு மாற்றக்கூடியது இல்லை. 120 வைத்தால் ஆம்பியர் 240 என்று காட்டியிருக்குமே, அதைக் கவனித்தீர்களா?

உங்கள் எண்ணிலேயே விடை இருக்கிறது. 44ஐ மூன்றாகப் பிரித்தால் ஒரு பேஸுக்குச் சுமார் 14.7. ஒரு கிளாம்ப் திரும்பியிருந்தால் இரண்டு பேஸ் கூடும், ஒன்று கழியும். மிஞ்சுவது அதே 14.7. ஆம்பியருக்குத் திசை கிடையாது, அதனால்தான் மூன்றும் ஒழுங்காகத் தெரிந்தன. பேஸ் வாரியாக கிலோவாட் காட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஒன்றில் மைனஸ் இருக்கும்.

செகண்டரியில் இது அடிக்கடி நடக்கும். செகண்டரியின் எஸ்1 முனையிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரும், எஸ்2 முனைக்குத் திரும்பி வரும் ஒயரும் ஒரே கட்டில் ஒட்டி ஓடும். அவசரத்தில் எஸ்2 ஒயரைக் கவ்விவிடுவோம். ஒயர் நம்பரைப் பார்த்து எஸ்1 ஒயரைத் தனியாகப் பிரித்து, கிளாம்பில் உள்ள அம்புக்குறி பேனல் மீட்டரை நோக்கி இருக்கும்படி போடுங்கள். இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் வரும். ஒயரைப் பிரிக்கும்போது எந்த டெர்மினலையும் கழற்றாதீர்கள். லோடு ஓடும்போது சி.டி. செகண்டரி திறந்தால் ஆளையே கொல்லும் வோல்டேஜ் எழும்பும்.

120ஐ விட்டுவைத்தால் என்ன ஆகும்? திரும்பிய கிளாம்ப் ஆர் பேஸில் இருக்கிறது, அந்தப் பேஸில் மட்டும் கூடுதலாக ஒரு லோடு ஏறுகிறது என்று வையுங்கள். லோடு கூடக்கூட மீட்டர் குறைத்துக் காட்டும். மூன்று பேஸும் சமமாக இருக்கும்வரைதான் அந்த 120 பொருந்தும்.

இன்னொன்று. இரண்டு கிளாம்ப் பேஸ் மாறிப் போயிருந்தால், சமமான லோடில் மொத்தம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஆர் வோல்டேஜுக்கு ஆர் கரன்ட்தான் ஜோடி.

உங்கள் வோல்டேஜ் கிளிப்புகள் நேராகப் பஸ்பாரில் (மெயின் சப்ளை ஓடும் உலோகப் பட்டை) இருப்பதால் 40 போதும். 11000/110 பி.டி. (வோல்டேஜைக் குறைத்துத் தரும் பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக எடுக்கும் இடத்தில் மட்டும் அந்த 100ஐயும் சேர்த்துப் பெருக்கி, 4000 என்று கணக்கிட வேண்டும்.

கிளாம்பும் சிறியதாக, 5 ஆம்பியருக்கானதாக இருக்கட்டும். செகண்டரியில் ஓடுவது வெறும் 2 ஆம்பியர். அதை 1000 ஆம்பியர் கிளாம்பால் அளந்தால் துல்லியம் போய்விடும். பெரிய கிளாம்ப் மட்டும்தான் கையில் இருக்கிறதா? மெயின் கேபிளில் ஒவ்வொரு பேஸிலும் தனித்தனியாகப் போட்டு, ரேஷியோவை 1 என்று வையுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகும் பேனல் மீட்டரோடு ஓரிரு சதவீதம் வித்தியாசம் இருக்கலாம். கிளாம்பின் பிழையும் இரண்டு மீட்டர்களின் பிழையும் சேர்வதால் வருவது அது. அதற்காகவும் ரேஷியோவில் கை வைக்காதீர்கள்.