எபிரேய எழுத்துகளை விளையாட்டு வழியே சொல்லித்தர என்ன செய்யலாம்? பிள்ளைகள் எழுத்துப் பாட்டை அழகாகப் பாடுகிறார்கள், அட்டையைக் காட்டினால் விழிக்கிறார்கள்

பாட்டை நம்பியதுதான் கோளாறு. ஆலெஃப், பேத், கிமெல் என்று 22 பெயர்களையும் ராகம்போட்டுச் சொல்வது நாக்குக்கான பயிற்சி. அதில் கண்ணுக்கு வேலையே இல்லை. வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகராதி பார்க்க அது வேண்டும். வேதத்தின் துதிப்பாடல் தொகுப்பில் 119ஆம் சங்கீதத்தின் கட்டமைப்பே (22 பகுதி, பகுதிக்கு 8 வசனம்) அந்த வரிசைதான். ஆனால் வாசிப்பு அதிலிருந்து தொடங்காது.

யூதர்களின் ஜெப ஆலயத்தில் வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பு, ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், வீட்டில் எபிரேயப் பேச்சு கிடையாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அட்டை. 22 எழுத்து, சொல்லின் கடைசியில் வடிவம் மாறும் ஐந்து (காஃப், மேம், நூன், பே, த்ஸாதி), புள்ளியால் ஒலி மாறும் பேத், காஃப், பே, ஷின் நான்குக்கும் கூடுதலாக ஒவ்வொன்று: மொத்தம் 31 அட்டை. உள்ளங்கை அளவு போதும். கீழ் விளிம்பில் தடித்த கோடு ஒன்று போடுங்கள். இல்லையென்றால் பாதி அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். படம் வேண்டாம், ஆங்கில ஒலிபெயர்ப்பு வேண்டவே வேண்டாம். படமிருந்தால் பிள்ளை படத்தைப் படிக்கும், ஆங்கிலமிருந்தால் ஆங்கிலத்தைப் படிக்கும்.

முதல் நாள் ஷின், பேத், தாவ் மூன்று மட்டும். இந்த மூன்றையும் வலமிருந்து இடமாக அடுக்கினால் 'ஷபாத்' (ஓய்வுநாள்) வந்துவிடும். முதல் நாளே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்து லாமெத், வாவ், கடைசி மேம் ஷின்னோடு சேர்ந்தால் 'ஷாலோம்' (சமாதானம்). மேசையின் வலது ஓரத்தில் ஒரு சிவப்பு ஒட்டுநாடா ஒட்டிவிட்டு, எந்த விளையாட்டானாலும் அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். திசை தானாகப் பழகும்.

பிறகுதான் உண்மையான வேலை: ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்தறிவது. பேத்துக்கு வலது கீழ்மூலையில் குதிகால்போல ஒரு நீட்டம் உண்டு, காஃப் வளைந்து போகும். ஹேயின் இடது கால் மேற்கோட்டைத் தொடாது, ஹேத்தில் தொடும், தாவில் தொட்டு அடியில் பாதமும் வைக்கும். கடைசி மேம் சதுரம், ஸாமெக் அடியில் உருண்டை. தாலெத்துக்கு மேல்மூலை துருத்தும், ரேஷ் மழுங்கியிருக்கும். இந்தக் கடைசி ஜோடியை லேசாக எண்ண வேண்டாம். இறைவன் ஒருவரே என்று சொல்லும் உபாகமம் 6:4இல் 'எஹாத்' (ஒருவர்) என்ற சொல்லின் தாலெத்தைத் தோராச் சுருளில் (வேதத்தின் முதல் ஐந்து நூல்களின் கையெழுத்துச் சுருள்) பெரிதாக எழுதுவார்கள். யாத்திராகமம் 34:14இல் 'அஹேர்' (வேறு) என்பதன் ரேஷையும் அப்படியே. ஒரு மூலை மழுங்கினால் 'ஒருவர்' 'வேறொருவர்' ஆகிவிடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், அந்த மூலையை அவர்கள் மறக்க மாட்டார்கள். களிமண்ணைத் திரித்து இரண்டு எழுத்தையும் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு மூலையைத் தடவிப் பெயர் சொல்ல வையுங்கள்.

பலகையில் எழுத்துகளை ஒட்டி, நீங்கள் ஒலியைச் சொல்ல இரண்டு பிள்ளைகள் ஓடிப்போய்த் தட்டும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். அது கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, வேகமான பிள்ளையின் கையைப் பார்த்து மற்றவர் தட்டுவது. அதற்கு ஒத்த வேகமுள்ளவர்களை ஜோடி சேர்த்து, தவறாகத் தட்டினால் ஒரு புள்ளி குறையும் என்று வையுங்கள். இரண்டு, எல்லா எழுத்துகளையும் ஒட்டிவிடுவது. ஆறு போதும்: குழப்பும் ஜோடி இரண்டு, நன்கு தெரிந்த எழுத்து இரண்டு.

பிங்கோ (3×3 கட்டம்) ஆடும்போது ஒலியைச் சொல்லாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள். இன்றைய உச்சரிப்பில் தேத்தும் தாவும் ஒரே ஒலி, காஃபும் கோஃபும் அப்படியே, ஆலெஃப்புக்கும் ஆயினுக்கும் பலர் பேச்சில் வித்தியாசமே இல்லை. 'த' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் ஜெயித்துவிட்டதாகக் கத்துவார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது, ஹனுக்கா என்ற யூதத் திருவிழாவில் சுற்றும் பம்பரமான த்ரேடல். நான்கு முகங்களில் நூன், கிமெல், ஹே, ஷின். இஸ்ரேலில் ஷினுக்குப் பதில் பே. ஆளுக்குப் பத்துப் பொத்தான், ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் ஒன்று வைக்க வேண்டும். நூன் விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் என்றால் எல்லாம் உனக்கு, ஹே என்றால் பாதி, ஷின் என்றால் நீ ஒன்று போட வேண்டும். நூனும் கிமெலும் குழப்பும் ஜோடி அல்லவா? இங்கே தப்பாகப் படித்தால் பொத்தான் போய்விடும், சுற்றியிருப்பவர்களும் விடமாட்டார்கள். ஆசிரியர் திருத்தவே வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் நான்கும் பழகிவிடும். அதன்பின் முகங்களில் ஹே, ஹேத், தாவ், ரேஷ் ஒட்டி அதே விதிகளை மாற்றிக் கொடுங்கள்.

விளையாட்டால் நேரம் வீண் என்பவர்களுக்கு ஒன்று. இடைக்கால ஜெர்மனி, பிரான்சு யூதர்கள், படிக்கத் தொடங்கும் பிள்ளையின் எழுத்துப் பலகையில் தேன் தடவி நக்கச் சொன்னார்கள். அவர்கள் வேதத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலமிருந்து இடம் எழுதத் தெரியாத மென்பொருளில் ஒட்டி, எழுத்துகள் பின்முன்னாகத் திரும்பிய 'ஷாலோம்' எத்தனை பதாகைகளில், எத்தனை பேர் கையில் குத்திய பச்சையில்! அச்சுக்கு அனுப்பும் முன் எபிரேயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் போதும். உங்கள் அட்டைகளையும் அப்படிச் சரிபாருங்கள்.

எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு எண் கடை வைக்கலாம். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பும் உண்டு: ஆலெஃப் முதல் யோத் வரை 1 முதல் 10, காஃப் 20, கோஃப் 100, தாவ் 400. பொருளுக்கு விலையை எழுத்தில் எழுதி வையுங்கள்: 12க்கு யோத், பேத். 15க்குப் பிள்ளைகள் யோத், ஹே என்றே வைப்பார்கள். அது இறைவன் பெயரின் எழுத்துகள் என்பதால் தேத், வாவ் (9+6) என்றும், 16ஐத் தேத், ஸாயின் என்றும் எழுதுவது மரபு. கடை திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.