ஸ்வீட் ஹோம்: எமி இரண்டு முறை உள்ளே வந்த மாளிகை

'வெளிநாட்டிலிருந்து வரவழைத்து நீங்கள் ஆடிய வித்தியாசமான ஜப்பானியத் திகில் விளையாட்டு எது, முதல் முறை ஆடியபோது என்ன தோன்றியது?' என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், கேப்காம் நிறுவனம் 1989 டிசம்பர் 15 அன்று ஃபாமிகாம் என்ற நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக ஜப்பானில் மட்டும் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்'. ஆர்வலர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வடிவம் இணையத்தில் பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது என்றாலும், இரண்டு ஆண்டுகளாக ஜப்பானிய மொழி படித்துவரும் எனக்கு அதை மூல மொழியிலேயே, அசல் கேசட்டிலேயே ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஒசாகாவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது, நிப்பொன்பாஷிப் பகுதியில் பழைய விளையாட்டுகள் விற்கும் கடை ஒன்றில் தேடி வாங்கி வந்தான். "அண்ணா, அட்டைப்பெட்டியும் இல்லை, கையேடும் இல்லை, கேசட் மட்டும்தான் கிடைத்தது" என்று தயங்கிக்கொண்டே அவன் நீட்டியதை நான் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

அதை ஓட்டுவதற்கு ஜப்பானியக் கருவி எதையும் நான் தேட வேண்டியிருக்கவில்லை. 90களில் நம் வீடுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் புழங்கிய பெட்டிகள் பெரும்பாலும் ஃபாமிகாமின் நகல்களே. அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ கருவியின் கேசட்டுக்கு 72 இணைப்பு முனைகள். ஃபாமிகாமுக்கும் நம் டிவி கேமுக்கும் 60 முனைகள். பரணில் கிடந்த எங்கள் பழைய பெட்டியை இறக்கித் துடைத்து, மஞ்சள் கேசட்டுகளைச் செருகிய அதே பள்ளத்தில் இதைச் செருகியபோது சிறு தடையுமின்றி உட்கார்ந்தது. சிறுவயதில் தம்பியோடு சண்டை போட்டு ஆடிய பெட்டிக்குள் இப்படி ஒரு விளையாட்டும் ஓடியிருக்க முடியும் என்பதை அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

கதை எளிமையானது. மாமியா இச்சிரோ என்ற மறைந்த ஓவியர் தம் மாளிகையில் விட்டுச்சென்ற சுவரோவியங்களைப் படம் பிடிப்பதற்காக ஐந்து பேர் கொண்ட குழு உள்ளே நுழைகிறது. ஓவியரின் மனைவியின் ஆவி வழியை அடைத்துவிடுகிறது. இதே பெயரில் அதே ஆண்டு வெளியான திரைப்படத்தைத் தழுவியது இது. படத்தின் இயக்குநர் கியோஷி குரோசாவா (அகிரா குரோசாவாவுக்கு இவர் உறவினர் அல்லர்), விளையாட்டின் இயக்குநர் தொகுரோ ஃபுஜிவாரா. திரைப்படத்தின் பெயரை ஒட்டி அவசரமாகச் செய்யப்படும் விளையாட்டுகள் எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம். இது அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெளிவாகிவிட்டது.

அதற்குக் காரணம் அந்த ஐவர்தான். கசுவோவிடம் லைட்டர், அகிகோவிடம் மருந்துப் பெட்டி, தகுச்சியிடம் கேமரா, அசுகாவிடம் வேக்குவம் கிளீனர், எமியிடம் ஒரு சாவி. திகில் விளையாட்டில் வேக்குவம் கிளீனரா என்று எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் தூசி படிந்த சுவரோவியத்தின் முன் அசுகாவை நிறுத்தி அதைத் துடைக்கச் செய்து, பின்னர் தகுச்சியைக் கொண்டு அதைப் படம் எடுத்து, அதில் தெரிந்த குறிப்பை எழுத்துக்கூட்டி வாசித்தபோது, அந்த வேலைப் பகிர்வு எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்பது புரிந்தது. ஒருவர் திறப்பார், ஒருவர் துடைப்பார், ஒருவர் படமெடுப்பார், ஒருவர் கயிற்றை எரித்து வழிவிடுவார், ஒருவர் மற்ற நால்வரின் நோயையும் தீர்ப்பார். ஒரு குழுவில் அதிகபட்சம் மூவர்தான் சேர்ந்து நடக்க முடியும் என்பதால், ஐவரையும் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்தே ஆக வேண்டும். அப்படிப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும், தேவையான கருவி தவறான குழுவிடம் இருந்துவிடுமோ என்ற கவலை எனக்கு வந்தது. ஒவ்வொருவரும் சுமக்கக்கூடிய பொருட்களும் மிகக் குறைவு. பள்ளத்தின் குறுக்கே போட ஒரு பலகையை எடுக்க வேண்டுமானால் வேறு எதையாவது தரையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். உயிரைக் கூட்டும் மருந்துக் குப்பிகளோ எண்ணி வைத்தாற்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன.

பயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், படங்களிலிருந்து என்று சொல்ல மாட்டேன். சில பேய்களின் உருவம் உண்மையிலேயே அருவருப்பாக வரையப்பட்டிருந்தாலும், இன்றைய கண்ணுக்கு அவை கட்டம் கட்டமான சித்திரங்களே. ஒரு கதவைக் கடக்கும்போது, மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாளிகை மறைந்து, இருட்டில் கதவு மட்டும் நேரெதிரே பெரிதாகத் தோன்றித் திறக்கும். அந்தச் சில நொடிகளில் நாம் செய்வதற்கு எதுவுமே இல்லை. மூன்றாவது கதவிலிருந்து என் விரல்கள் பொத்தானை விட்டு விலகி, கட்டுப்பாட்டுக் கருவியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை நானே கவனித்தேன். ஜுன்கோ தமியாவின் இசையும் அந்தப் பழைய ஒலிச் சில்லுக்குள் இருந்துகொண்டு இதற்குத் துணைபோகிறது. இரைச்சலே இல்லாமல், ஒரே சிறு தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தை அரிக்கிறது.

சண்டை வரும்போது தாக்குவது, வேண்டிக்கொள்வது, கருவியைப் பயன்படுத்துவது, ஓடுவது ஆகியவற்றோடு, மற்றவர்களை அழைப்பது என்ற ஒரு வழியும் உண்டு. நான் இதுவரை வேறெந்த விளையாட்டிலும் பார்த்திராத ஏற்பாடு இது. அழைத்தவுடன் சண்டை அப்படியே நிற்க, தொலைவில் இருக்கும் தோழரை நாமே நடத்தி, குறிப்பிட்ட நேரத்துக்குள் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு தகுச்சியையும் எமியையும் ஒரு நடைபாதையில் தனியே விட்டிருந்தேன். தகுச்சி ஏற்கெனவே தளர்ந்திருந்தார், எமியின் உயிர்ப்புள்ளி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. கசுவோவை அழைத்தேன். இரண்டு அறைகள் தள்ளி இருந்த அவரை அவசரத்தில் தவறான பக்கம் திருப்பிவிட்டேன். ஒரு சுவரைச் சுற்றிக்கொண்டு வரும் வழியிலேயே நேரம் முடிந்து, திரை மீண்டும் சண்டைக்குத் திரும்பியது. அடுத்த அடியில் எமி இறந்தாள். இந்த விளையாட்டில் இறந்தவரை எழுப்பும் மந்திரமோ மருந்தோ கிடையாது. அவளிடம் இருந்த வேலையும் அவளோடு போயிற்று. பூட்டிய கதவுகளைத் திறக்க ஒரு கம்பி பின்னர் கிடைக்கும். அதுபோலவே லைட்டருக்குப் பதில் தீக்குச்சியும், வேக்குவம் கிளீனருக்குப் பதில் துடைப்பமும் உண்டு. அதனால் ஆட்டம் நின்றுவிடுவதில்லை. ஒருவர் குறைந்த வீட்டில் அவருடைய வேலைகளை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வது போல, நால்வராகத் தொடர்ந்து போகலாம். உயிரோடு மீள்வோரின் எண்ணிக்கையைப் பொறுத்து முடிவுகளும் ஐந்து விதமாக அமைகின்றன. எந்த இடத்திலும் சேமித்துக்கொள்ளலாம் என்பதால் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க முடியும். ஆனால் நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும் என்று, நால்வரோடு சேமித்துவிட்டுப் படுத்தேன்.

1996 மார்ச்சில் வெளியான, ஜப்பானில் 'பயோஹசார்ட்' எனப்படும் 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டை நீங்கள் ஆடியிருந்தால், இவற்றில் பல உங்களுக்குப் பழகியவையாகத் தோன்றும். ஃபுஜிவாரா தயாரிக்க, ஷின்ஜி மிகாமி இயக்கிய அந்த விளையாட்டு, 'ஸ்வீட் ஹோ'மை மீண்டும் செய்துபார்க்கும் எண்ணத்தில்தான் தொடங்கியது. மாளிகை, திறக்கும் கதவு, போதாத பை, ஆங்காங்கே கிடக்கும் குறிப்புகள் எல்லாம் இங்கிருந்து சென்றவை. ஐவருக்கும் ஐந்து வேலை என்ற ஏற்பாடும், நிறுத்திவைத்த சண்டைக்குத் தோழரை ஓட்டிவரும் அந்தப் பதைப்பும் மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை. என் கணக்கில் மூத்ததன் உயிரே அவைதான்.

மறுநாள் மாலை பெட்டியை இயக்கியபோது என் சேமிப்பு இல்லை. ஆட்டம் தொடக்கத்தில் நின்றது. இத்தகைய கேசட்டுகளில் நம் ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பது உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. முப்பது ஆண்டுகளுக்கு மேலான அது முழுவதுமாகத் தீர்ந்துபோயிருந்தது. (வாங்குவதாக இருந்தால் இதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.) செல்பேசி பழுதுபார்க்கும் தெரிந்த தம்பி ஒருவர் கேசட்டின் மேலுறையைத் திறந்து, பழைய பேட்டரியின் தகடுகளைச் சூடுகாட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்துக் கொடுத்தார், கால்மணி நேர வேலை.

சேமிப்பு போனதற்காக நான் வருந்தியிருக்க வேண்டும். ஆனால் மாளிகையின் வாசலில் ஐவரும் வரிசையாக நின்றதையும், அவர்களுள் சாவியோடு எமி நின்றதையும் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது. இம்முறை அவளைக் கசுவோ, அகிகோ இருவரோடும் மூவர் குழுவில் வைத்திருக்கிறேன். தகுச்சியும் அசுகாவும் ஓர் அறைக்கு மேல் விலகிப் போவதே இல்லை. நடை மெதுவாகிவிட்டது, குப்பிகளும் வேகமாகக் குறைகின்றன. முந்தாநாள் இரவு, முதல் ஆட்டத்தில் எமி விழுந்த அதே நடைபாதையை ஐவரும் கடந்துவிட்டார்கள். கடந்த உடனே, அடுத்த கதவைத் தொடுவதற்கு முன், சேமித்துக்கொண்டேன்.