‘நிங்ஙள்’ என்றால் முகம் சுருங்குவதேன்?

கேள்வி: கேரளத்து ஆரியங்காவில் முதிய கடைக்காரர் ஒருவரை, மரியாதையாகப் பேசுவதாக எண்ணி, மலையாளத்தில் ‘நிங்ஙள்’ என்றேன்; அவர் முகம் சுருங்கிவிட்டது. நம் ‘நீங்கள்’தானே அது?
- வாசகி, செங்கோட்டை

பதில்: சொல் உறவுடையதுதான், மதிப்பு வேறு. ஒருவரைப் பன்மையால் சுட்டும் நம் வழக்கத்தைத் தொல்காப்பியமே ‘உயர்சொல்’ என்று குறித்து, அது இலக்கண நெறியன்று, வழக்கில் வந்தது என்கிறது. மலையாளத்திலோ மூத்தவரை நேருக்கு நேர் ‘நிங்ஙள்’ என்பது பலர் காதுக்கு விலக்கி நிறுத்துவதாக, சில வேளை சண்டைக்கு அழைப்பதாகக்கூட ஒலிக்கும். தமிழில் ‘வந்தீர்கள்’ என்னும் வினைமுற்றே மரியாதையைச் சுமந்துகொள்கிறது. மலையாள வினையோ விகுதிகளை இழந்து, யார் வந்தாலும் ‘வந்நு’ என்றே நிற்பதால், மதிப்பு முழுவதும் அழைக்கும் பெயரின் தலையில் விழுகிறது என்பது என் எண்ணம். ஆகவே அங்கே முன்னிலைச் சொல்லையே தவிர்த்து, ‘சேட்டன் எப்போள் வந்நு?’ (அண்ணன் எப்போது வந்தார்?) என்று, எதிரில் நிற்பவரையே படர்க்கையில் இருப்பவர்போல் கேட்பார்கள். ஆசிரியரானால் ‘மாஷ்’, அலுவலரானால் ‘சார்’. அடுத்த முறை அந்தப் பெரியவரைச் ‘சேட்டா’ என்று அழைத்துவிட்டுப் பொருளைக் கேளுங்கள். ‘அம்மாவா’ (மாமா) என்பதும் மரியாதைதான். ஆனால் தலைக்குச் சாயம் பூசியவரிடம் அது வேண்டாம்.