தள்ளி நின்றால் தலைகீழாகத் தெரியும் ஷேவிங் கண்ணாடி

கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கண்ணாடியில் கோளாறு இல்லை. கிட்டே முகம் பெரிதாகவும் நாலடி தள்ளினால் தலைகீழாகவும் தெரிகிறது என்றீர்கள், குழியாடி, அதாவது உட்பக்கம் குழிந்த கண்ணாடி, அப்படித்தான். தூரத்து ஒளி கண்ணாடியில் பட்டு வந்து சேரும் புள்ளிதான் குவியம். முகம் அதற்கு உள்ளே இருக்கும்வரை பிம்பம் நேராக, பெரிதாக இருக்கும். தாண்டினால் கவிழ்ந்துவிடும். குவியத் தூரம் 30 செ.மீ. என்றால், 20 செ.மீ.யில் முகம் 3 மடங்கு தெரியும், 30 செ.மீ. அருகே வெறும் மங்கல்தான்.

உங்களுடையதை அளக்க, ஜன்னலுக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்து, அதன் முன்னால் சின்ன வெள்ளைத் தாளை நகர்த்துங்கள். தூரத்து மரம் தாளில் தெளிவாக விழும் இடம்தான் குவியம்.

அப்புறம், நேர் வெயில் படும் இடத்தில் மாட்டாதீர்கள், ஒளி குவிந்து திரைச்சீலை கருகிவிடலாம். பைக்கில் இருக்கும் கண்ணாடி பெரும்பாலும் குவியாடி, அதாவது வெளிப்பக்கம் புடைத்தது, எவ்வளவு தள்ளினாலும் கவிழாது.