காபித் தோட்டத்துச் சிப்பிகள்: ஆதிமனிதர் உண்ட மிச்சமா?

பழனி மலையிலுள்ள தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் காபித் தோட்டத்தில், கல்திட்டை (பலகைக்கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னம்) ஒன்றிலிருந்து இருபதடி தள்ளி நாற்றுக்குழி எடுத்தபோது, முழங்கால் ஆழத்தில் ஏழெட்டுச் சிப்பிகளும் வளையல் போன்ற ஒரு வெள்ளைத் துண்டும் கிடைத்தன. கற்கால மனிதர் கடற்சிப்பி சேகரித்து உண்டதாகப் படித்திருக்கிறேன். இவை அதற்குச் சான்றாகுமா? கழுவி வைக்கலாமா?"

முதலில், கழுவ வேண்டாம். அந்தக் குழியை இனி ஆழப்படுத்தவும் வேண்டாம்.

ஆதிமனிதர் சிப்பி உண்டது உண்மைதான். தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் உள்ள பினாக்கிள் பாயிண்ட் குகையில் சுமார் 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பே அதற்கான தடயம் இருக்கிறது. ஆனால் சிப்பிக் குவியல் ஒன்று மனிதர் சேர்த்ததா, கடல் ஒதுக்கியதா என்பதைச் சிப்பியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் 1848இல் அமைந்த ஆய்வுக்குழு எதிர்கொண்டதும் இதே கேள்விதான். அங்கிருந்த மேடுகளில் ஏறத்தாழ எல்லாமே முழு வளர்ச்சி பெற்ற சிப்பிகளாக இருந்தன. கடலடியில் ஒரே இடத்தில் சேர்ந்து வாழாத இனங்கள் ஒன்றாகக் கிடந்தன. அலை கொண்டுவந்திருந்தால் உடன் வந்திருக்க வேண்டிய சரளைக்கல்லோ மிகக் குறைவு. கரியும் கல்லாயுதமும் விலங்கெலும்பும் சேர்ந்து கிடந்ததால், அவை உணவுக் கழிவு மேடுகள் என்று முடிவாயிற்று. சிப்பியின் உட்புறத்தில் கொட்டலசு (பாறையிலும் ஓட்டிலும் ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால், உள்ளிருந்த உயிர் செத்த பிறகே அது கரைக்கு வந்தது என்று கொள்ளலாம். செத்த சிப்பியை யாரும் உணவுக்காகப் பொறுக்குவதில்லை.

இந்த அளவுகோல் உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. சிப்பிக்கறி ஒரு நாளுக்குள் கெட்டுவிடும். கறியைவிட ஓட்டின் எடை அதிகம். ஆகவே கடலோரத்தில் உண்பவர்கள் ஓட்டை அங்கேயே எறிந்துவிடுவார்கள். அதைச் சுமந்துகொண்டு யாரும் மலையேற மாட்டார்கள். அரியலூர் மண்ணில் கடற்சிப்பி கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் கடல் இருந்தது. பழனி மலையின் பாறையோ பெரும்பாலும் சார்னோக்கைட்; பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான அந்தப் பாறையில் சிப்பிப் படிவம் இருக்க வழியே இல்லை.

அப்படியானால் அவை மலைக்குப் பண்டமாக வந்திருக்க வேண்டும். புளிப்பேறிய மலைமண்ணைச் சரிசெய்யத் தோட்டங்களில் சுண்ணாம்பு இடுவது வழக்கம்; கிளிஞ்சல் சுண்ணாம்போடு சுட்டும் சுடாததுமான ஓடுகள் கலந்து வருவதுண்டு. வெற்றிலைக்கும் சுவருக்கும் வந்த சுண்ணாம்பும் அப்படியே. மேலும், புளிப்பு மண் ஓட்டை மெல்லக் கரைத்துவிடும் என்பதால், திறந்த மண்ணில் பளபளப்பு மாறாமல் கிடப்பவை பழையவையாக இருக்கும் வாய்ப்பு குறைவு. உங்கள் சிப்பிகளும் இப்படிச் சுண்ணாம்போடு வந்தவை என்றே ஊகிக்கிறேன்.

அந்த வெள்ளைத் துண்டுதான் என் மனத்தை இழுக்கிறது. அதன் ஓரத்தில் இணையான நேர்க்கோடுகள் தெரிந்தால், மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்போர் எடுப்பது போன்ற சங்கை வாளால் அறுத்த வளையலாக அது இருக்கலாம். கொற்கையில் சங்கறுத்த கழிவு கிடைத்திருக்கிறது. கீழடியில் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. இந்த மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கார்னீலியன் (சூதுபவளம்) மணிகளும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. ஈமச்சின்னம் எழுப்பிய மக்களிடம் தொலைதூரப் பண்டங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆயினும் சங்கு வளையல் அண்மைக் காலம் வரை அணியப்பட்டது. ஆகவே அதன் வயதைச் சொல்லவேண்டியது அது கிடந்த மண்ணடுக்குதான்.

குழியின் பக்கச்சுவரை, அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுங்கள். கல்திட்டையிலிருந்து தூரத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டிய மண்ணோடு நிழலில் உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இடுங்கள். மரப்பெட்டியில் வைக்க வேண்டாம்; மரம் வெளிவிடும் அமில ஆவி ஓட்டை அரிக்கும். அருகில் கரித்துண்டு இருந்தால் கைபடாமல் அலுமினியத் தாளில் பொதியுங்கள். கடலுயிரியின் ஓடு கரிமக் காலக்கணிப்பில் பொதுவாகச் சில நூறாண்டு கூடுதலாகக் காட்டும் என்பதால், கரிதான் நம்பகமான சாட்சி. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதி, மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு படி அனுப்புங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை, குழியை எடுத்த மண்ணாலேயே தளர்வாக மூடி, நாற்றை வேறிடத்தில் நடுங்கள்.